புதுச்சேரியில் ஒரு குழி என்ன விலை?

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வரும் பேருந்து, கோட்டக்குப்பத்தைக் கடந்து முத்தியால்பேட்டைக்குள் நுழையும் இடத்தில் மாநில எல்லை மாறுகிறது. எல்லை மாறினால் பெட்ரோல் விலையும் மது விலையும் மாறும் என்பது ஊரறிந்த செய்தி. நில அளவும் மாறும் என்பது மனை தேடிப் போனவர்களுக்குத்தான் தெரியும். வடக்கே தமிழ்நாட்டில் பேச்செல்லாம் சென்ட் கணக்கில். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. தெற்கே புதுச்சேரியில் குழிக் கணக்கு. 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி சேர்ந்தது ஒரு குழி. 16 வீசம் ஒரு குழி, 100 குழி ஒரு காணி. இது போதாதென்று பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஆர், சென்டியார் அளவுகளும் பத்திரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விலை பல மடங்கு ஏறும், இறங்கும். நகருக்கு வடக்கே இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம் பக்கம் செம்மண் நிலம் வைத்திருப்பவரானாலும், புதுச்சேரி நேரு வீதியில் கடை வைத்திருப்பவரானாலும், இந்தக் கரையில் விலை உச்சம் எங்கே என்று கேட்டால் கை நீட்டுவது ஒரே பக்கம்தான்: பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலுக்கு மேற்கே கிடக்கும் சில வீதிகள். துய்மா வீதி, ரொமேன் ரோலன் வீதி, சுய்ஃப்ரென் வீதி, மரீன் வீதி, பிரான்சுவா மர்த்தேன் வீதி, இவற்றுக்கெல்லாம் கிழக்கு வேலியாக ஓடும் கூபேர் அவென்யூ என்கிற பீச் ரோடு. வரைபடத்தில் வெள்ளை நகரம். சுற்றுலாக்காரர் வாயில் ஒயிட் டவுன். இங்கே ஒரு வீடு கைமாறினால் பேச்சு கோடியில்தான் தொடங்கும்.

ஏன் இந்த விலை? கடல் தெரிகிறது, காற்று வருகிறது என்பது எளிதில் வரும் பதில். அதே கடல் மரக்காணத்திலும் தெரிகிறது. பீச் ரோட்டின் வடமுனையில் வைத்திக்குப்பத்திலும் தென்முனையில் வம்பாகீரப்பாளையத்திலும் இன்னும் பக்கத்தில் தெரிகிறது. விலை மட்டும் அந்த இடங்களில் இல்லை. காரணத்தைத் தேட வேண்டியது கடலில் இல்லை. வரைபடத்திலும் பத்திரத்திலும் அரசாணையிலும்.

வாய்க்கால் கிழித்த கோடு

பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே வந்து பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடை விரித்தபோது இது நெசவாளரும் மீனவரும் வாழ்ந்த சிற்றூர். 1693இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள். ஆறு ஆண்டுகளே வைத்திருந்தார்கள் என்றாலும், தெருக்களைச் சதுரங்கக் கட்டம்போல நேர்கோட்டில் வகுத்த திட்டம் அவர்கள் கையால் வந்தது. 1697இல் கையெழுத்தான ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1699இல் ஊரைத் திரும்ப வாங்கிய பிரெஞ்சுக்காரர் அந்தக் கட்டத்தையே வளர்த்தெடுத்தார்கள்.

இன்று வெள்ளை நகரத்தில் நிற்கும் எந்த வீடும் அந்தக் காலத்தது அல்ல. 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்ததும் ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு ழான் லா தெ லொரிஸ்தோன் ஆளுநராக வந்து, பழைய அடித்தளங்களின் மேலேயே ஊரைத் திரும்பக் கட்டவைத்தார். ரொமேன் ரோலன் வீதியில் இன்று தங்கும் விடுதியாக நடக்கும் ஒரு மாளிகை அந்த மறுகட்டுமானக் காலத்தைச் சேர்ந்தது. நடுவில் பல காலம் பிரெஞ்சு அரசின் கல்வித் துறை அலுவலகமாக இருந்தது.

மழைநீர் வடிய வெட்டிய பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரித்தது. கிழக்கே ஐரோப்பியர், மேற்கே தமிழர். பிரிவு இடத்தோடு நிற்கவில்லை. வீட்டின் அமைப்பிலும் இறங்கியது. கிழக்கே உயரமான மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், அதற்கப்பால் தூண் வைத்த வராந்தா. தெருவில் நடப்பவருக்கு மதிலும் காகிதப்பூக் கொடியும்தான் தெரியும். மேற்கே தெருவைப் பார்த்த திண்ணை, அதன்மேல் தாழ்வாரம், உள்ளே முற்றம். வருகிறவர் போகிறவர் உட்கார இடம் கொடுத்த வீடு அது.

கோயில்களும் தப்பவில்லை. வேதபுரீசுவரர் கோயில் அப்போது ஏசுசபைத் தேவாலயத்தை ஒட்டி இருந்தது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட நேரத்தில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் ஆட்சியில், அது இடிக்கப்பட்டது. துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்த நாளைப் பதிந்துவைத்திருக்கிறது. கோயில் பின்னர் வாய்க்காலுக்கு மேற்கே வேறு இடத்தில் எழுந்தது. மணக்குள விநாயகர் வாய்க்காலுக்குக் கிழக்கிலேயே நிலைத்துவிட்டார்.

பணக்காரர் எங்கே இருந்தார்கள்?

வெள்ளையர் வீதிதான் என்றுமே பணக்கார வீதி என்று எண்ணிவிட வேண்டாம். கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுத்த வணிகர்கள், துபாஷிகள், நிலக்கிழார்கள் எல்லாரும் வாய்க்காலுக்கு மேற்கேதான் இருந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது. கீழே மரத்தூண் வைத்த தமிழ் முற்றம், மேலே பிரெஞ்சு பாணித் தூண்கள். கோமுட்டித் தெரு, வைசியாள் தெரு போன்றவை தங்கமும் துணியும் கைமாறிய வீடுகள் நிறைந்தவை.

1908இல் பாரதியார் புகலிடம் தேடி வந்தபோது வாழ்ந்தது ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில். அதுவும் தமிழ்ப் பகுதி. 1910 ஏப்ரலில் கப்பலில் வந்திறங்கிய அரவிந்தருக்கு முதலில் இடம் கொடுத்தது கோமுட்டித் தெருவில் கலவை சங்கர செட்டியார் வீடு. பிரெஞ்சு வீதிகளுக்கு அவர் குடிபோனது அதற்குப் பிறகுதான்.

கடலோரம் என்பது அந்த நாளில் வேலை செய்யும் இடம். சுங்கச் சாவடி, கிடங்கு, சரக்கு ஏற்றி இறக்கும் படகுகள், 1836இல் எழுப்பிய கலங்கரை விளக்கம், பிறகு இரும்புப் பாலம். உப்புக் காற்றில் வீட்டுக் கம்பி துருப்பிடிக்கும். பெட்டியிலுள்ள துணியும் பிசுபிசுக்கும். கடலைப் பார்த்து வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை நம் ஊர்ப் பணக்காரருக்குப் பழக்கமில்லாதது. சென்னையிலும் உச்ச விலை பேசும் இடங்களான போட் கிளப் சாலையும் போயஸ் தோட்டமும் கடலோரத்தில் இல்லை. முன்னது அடையாற்றங்கரை, பின்னது ஊருக்கு நடுவே.

விற்பனைக்கு வராத தெரு

வெள்ளை நகரத்தில் ஒரு மாலை நடந்தால் விலைக்கான முதல் காரணம் காலடியிலேயே தட்டுப்படும். யாருடைய கட்டடம் எது என்று பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் போதும்.

பாரதி பூங்காவைச் சுற்றி ஆளுநர் மாளிகை, சட்டப்பேரவை. மரீன் வீதியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம். அதே வீதியில் அரவிந்தர் ஆசிரமத்தின் தலைமை இல்லம். செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த சைவச் சுவடிகளில் பெரும்பகுதி இருப்பது அங்கேதான். பக்கத்தில் அருங்காட்சியகம். துய்மா வீதியில் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளி, 1855இல் கட்டி முடித்த தேவதைகளின் அன்னை ஆலயம். பழைய புதுச்சேரிக்காரர்களுக்கு அது கப்ஸ் கோயில். விக்தோர் சிமோனேல் வீதியில் 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி. சுய்ஃப்ரென் வீதியில் அலியான்ஸ் பிரான்சேஸ். இவை தவிர, சாம்பல் நிறச் சுவரும் வெள்ளைப் பட்டையுமாக வீதிக்கு வீதி தெரியும் ஆசிரமக் கட்டடங்கள்.

அரசு, பிரான்ஸ் நாடு, ஆசிரமம், தேவாலயம். இந்த நால்வரும் வீட்டை விற்பதற்கு வைத்திருப்பவர்கள் அல்ல. இவர்கள் பங்கு போக மிஞ்சுவதுதான் தனியார் வீடுகள். அதிலும் பல வீடுகளின் உரிமையாளர்கள் இங்கே இல்லை.

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் சட்டப்படி நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கிய 'சொல்தா' குடும்பங்கள் இதில் நிறைய. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸ் பக்கம் குடியேறிவிட்டார்கள். இங்கே இருக்கும் பூர்வீக வீட்டுக்குப் பல வாரிசுகள், பல முகவரிகள். ஒருவர் விற்கலாம் என்பார்; ஒருவர் விடுதி ஆக்கலாம் என்பார்; ஒருவர் பதிலே போடமாட்டார். எல்லாருடைய கையெழுத்தும் சேர்ந்து, மூலப்பத்திரத்திலிருந்து பாகப்பிரிவினை வரை கோர்வையாக இருக்கும் வீடு கிடைப்பது அரிது. பழைய பத்திரம் பிரெஞ்சில் இருக்கும். படிக்கவே தனியாக ஆள் தேட வேண்டும். ஆளில்லாத வீடுகளைக் குறிவைத்துப் போலிப் பத்திரம் தயாரித்த வழக்குகளும் புதுச்சேரியில் நடந்திருக்கின்றன.

ஆகவே இங்கே 'வீடு விற்பனைக்கு' என்ற பலகையைப் பார்ப்பது கடினம். செய்தி காதோடு காதாகப் போகும். வாங்கக் காத்திருப்பவர் பலர். விற்க வருவது எப்போதோ ஒன்று. விலை ஏற இதைவிட வேறு சூத்திரம் தேவையில்லை.

கட்டக் கூடாது என்பதன் விலை

இரண்டாவது காரணம் சட்டம். 1991இல் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைக் கொண்டுவந்தது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை என்ன கட்டலாம், என்ன கூடாது என்பதை அது சொன்னது. 2011இலும் 2019இலும் திருத்தி எழுதப்பட்டது. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நகரப் பகுதிகளுக்கு அதில் ஒரு முக்கிய விதி: இருக்கும் சாலைக்கு நிலப்பக்கமாக மட்டுமே கட்டலாம், சாலைக்கும் கடலுக்கும் நடுவே புதிதாக எதுவும் கூடாது.

பீச் ரோட்டை ஒட்டிய முதல் வரிசை வீட்டுக்காரருக்கு இது ஒரு வரம். அவர் சன்னலுக்கு முன்னால் வேறொருவர் அடுக்குமாடி எழுப்பிக் கடலை மறைத்துவிட முடியாது. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டிகளுக்கும் அனுமதி இல்லை. முன்னால் கடல், நடுவில் நடைபாதை. இந்த அமைப்பு மாறாது என்று அரசே உறுதி கொடுத்ததுபோல ஆகிவிட்டது.

கூடவே பாரம்பரியக் கட்டடக் கட்டுப்பாடு. வெள்ளை நகரத்தில் வீட்டு முகப்பை மாற்றவோ மாடி உயர்த்தவோ நகரமைப்புக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். உயரமும் ஓரளவோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், நிலம் வாங்கினோம், எட்டு மாடி எழுப்பி விற்றோம் என்ற வழக்கமான கணக்கு இங்கே ஓடாது. கூடுதல் வீடு முளைக்காது என்றாகிவிட்டதும், இருக்கிற வீட்டுக்கு மவுசு கூடியது.

வாய்க்காலுக்கு மேற்கே கதை வேறு. 1990களில் இன்டாக் அமைப்பு புதுச்சேரியின் பாரம்பரியக் கட்டடங்களைக் கணக்கெடுத்தபோது எண்ணிக்கை 1,800ஐ ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு இடிபட்டவை நூற்றுக்கணக்கில். பெருவாரியானவை தமிழ்ப் பகுதி வீடுகள். திண்ணையை இடித்துக் கடை வைத்தால் வாடகை வரும். வணிகத் தெருவில் திண்ணைக்கு யார் பணம் தருவார்?

அந்தப் போக்கைத் தடுக்க நடந்த முயற்சியில் பெயர் பெற்றது வைசியாள் தெரு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சுர் லோத் ஆகிய நகரங்கள் கைகோத்தன. வீட்டுக்காரர்களும் சேர்ந்து திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் சீராக்கினார்கள். 2008இல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இன்று தமிழ்ப் பகுதியிலும் பழைய வீட்டை அப்படியே வைத்து விடுதி நடத்துவோர் உண்டு. பழமைக்கு வாடகை வரும் என்று தெரிந்த பிறகு கடப்பாரை கொஞ்சம் தயங்குகிறது.

மணல் போனது, விலை ஏறியது

இந்த விலைக் கதையில் வேடிக்கையான பகுதி கடற்கரையே. பீச் ரோட்டில் வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் அங்கே பீச் இல்லை.

1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புக் கல் அணைகள் போட்டார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்தும். அணைகள் அந்த மணலை மறித்துவிட்டன. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே நகரின் கரை அரித்துக்கொண்டே போனது. கருங்கற்களைக் கொட்டிச் சாலையைக் காத்தார்கள். தலைமுறை ஒன்று, கடற்கரை என்றால் கற்குவியல் என்றே நினைத்து வளர்ந்தது. 2018இல் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் திட்டப்படி தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் எஃகுச் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகுதான், காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பத் தலைகாட்டியது.

நகரத்தைக் கல் காத்தது. நகருக்கு வடக்கே இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு இடத்தில் கல் போட்டால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும். தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று வடக்கே அடுத்தடுத்து மீனவர் தெருக்கள் கடலுக்குள் போயின. வலை காயப்போட்ட இடம் போனது. பிறகு வீடும் போனது. கடலுக்கு அருகில் என்பது பீச் ரோட்டில் ஆதாயம், பிள்ளைச்சாவடியில் ஆபத்து. இரண்டுக்கும் இடைத்தூரம் சில கிலோமீட்டர்.

வெள்ளை நகரத்துக்கு மேட்டு நிலம் என்ற சலுகையும் உண்டு. 2004 சுனாமியில் கல் அரண் இருந்ததால் நகரின் நடுப்பகுதி பெரும் சேதமின்றித் தப்பியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வசதியானவர்கள் வீடு கட்டிய ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகள் தண்ணீரில் நின்றன. ஏரியும் வாய்க்காலும் இருந்த தாழ்வான நிலத்தில் மனை போட்டதன் பலன் அது. மழைக்குப் பிறகு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் சுவரில் தண்ணீர்க் கோடு எங்கே என்று பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

வீடு இருக்கிறது, குடி இல்லை

விலை உயர்ந்த குடியிருப்புத் தெரு என்று சொல்லும்போது 'குடியிருப்பு' என்ற சொல் வெள்ளை நகரத்தில் மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புக் கலவைச் சுவர், தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ் தளம் கொண்ட வீட்டைப் பராமரிப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது. சிமென்ட் பூசினால் பழைய சுவர் மூச்சுவிட முடியாமல் உதிரும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் குறைந்துவிட்டார். அரசே பராமரித்த மேரி என்ற நகராட்சி மன்றக் கட்டடம், 1870களின் தொடக்கத்தில் எழுந்தது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் திரும்பக் கட்டி 2021இல்தான் திறந்தார்கள்.

செலவுக்கு ஈடு கட்ட வேண்டுமானால் வீடு சம்பாதிக்க வேண்டும். ஆகவே ஒன்று விடுதியாகிறது, ஒன்று காபிக் கடையாகிறது, ஒன்று துணிக்கடையாகிறது. வெள்ளி மாலை சென்னை, பெங்களூரு வண்டிகள் வந்து சேர்ந்ததும் வீதியில் நிறுத்த இடம் இருப்பதில்லை. மஞ்சள் மதிலுக்கு முன்னால் திருமணத்துக்கு முந்தைய புகைப்படம் எடுக்க ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே இருப்பவர் தம் வாசல் கதவைத் திறக்க வேண்டுமானால் படப்பிடிப்பு முடியக் காத்திருக்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு முன்னால் நல்ல விலை நீட்டப்படும்போது, நிலைத்து இருந்த குடும்பங்களும் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் நகர்ந்துவிடுகின்றன.

இது புதுச்சேரிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இலங்கையின் காலிக் கோட்டையும் டச்சுக்காரர் வகுத்த வீதிகளைக் கொண்ட கடலோரக் குடியிருப்பு. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் வெளிநாட்டவர் அங்கே பழைய வீடுகளை வாங்கிக் குவிக்கவே, 2004இல் அரசு வெளிநாட்டவர் வாங்கும் நிலத்துக்கு 100 சதவீத வரி போட்டது. நிலப் பற்றாக்குறை விலையை எப்படி ஏற்றும் என்பதற்கு மொனாக்கோ எடுத்துக்காட்டு. அங்கே கடலை ஒட்டி ஓடும் பிரின்சஸ் கிரேஸ் அவென்யூ உலகின் மிக விலை உயர்ந்த தெரு என்று பல ஆண்டுகள் பட்டியலில் இருந்தது. நாட்டின் பரப்பே ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர். நிலம் போதாமல் கடலைத் தூர்த்து 6 ஹெக்டேர் உண்டாக்கி, மாரெத்தெரா என்ற புதிய குடியிருப்பை 2024 இறுதியில் திறந்தார்கள்.

இந்தியாவில் வெளிநாட்டவர் வாங்குவதற்கு அந்நியச் செலாவணிச் சட்டம் கதவு போட்டிருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் பிறநாட்டுக் குடிமகன் ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றி இங்கே வீடு வாங்க முடியாது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினர் வீடோ கடையோ வாங்கலாம். விவசாய நிலம் வாங்கக் கூடாது. பாரிஸில் இருக்கும் புதுச்சேரித் தமிழர் துய்மா வீதியில் மாளிகை வாங்கலாம். இடையஞ்சாவடியில் அரைக் காணி முந்திரித் தோப்பு வாங்க முடியாது.

விலையே இல்லாத ஊர்

இடையஞ்சாவடிக்காரர்களுக்கு இன்னொரு விந்தையும் பக்கத்திலேயே இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தொடங்கிய ஆரோவில் என்ற பன்னாட்டுக் குடியிருப்பு, இந்த ஊரின் வேலியோரத்தில் இருக்கிறது. அன்று இந்த மேட்டு நிலம் மழை அரித்த செம்மண் பள்ளங்களும், மல்லாட்டை, கம்பு, வரகு விளைந்த மானாவாரியுமாகக் கிடந்தது. குறைந்த விலைக்குக் கிடைத்தது. மரம் வைத்து, வரப்பு போட்டு அதைக் காடாக்கியது ஆரோவில்.

அங்கே நிலமும் வீடும் தனியார் சொத்தாகாது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆரோவில் அறக்கட்டளைக்கே எல்லாம் உரியது. ஒருவர் தம் பணத்தைப் போட்டு வீடு கட்டினாலும் பத்திரம் அவர் பெயரில் வராது, விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. வீட்டுக்குச் சந்தை விலையே இல்லாத அந்த வட்டத்தின் வெளியோரத்தில், குயிலாப்பாளையம் சாலையிலும் இடையஞ்சாவடிச் சாலையிலும், மனை விலை ஏறியதற்குக் காரணம் ஆரோவிலேதான். விடுதி, கைவினைக் கடை, வாடகை வீடு என்று தேவை கூடிவிட்டது.

ஆரோவில் திட்ட வரைபடம் 2.5 கிலோமீட்டர் ஆரம் கொண்ட வட்டம். நடுவில் நகரம், சுற்றிலும் பசுமை வளையம். வட்டத்துக்குள் ஊர்க்காரர்களின் நிலமும் நிறைய இருக்கிறது. அதை வாங்கச் சந்தை விலை கொடுக்க வேண்டும். ஆரோவில் வந்ததால் உயர்ந்த விலையை ஆரோவிலே கொடுக்க வேண்டிய நிலை. வெளியே கிடக்கும் தன் நிலத்தைக் கொடுத்து உள்ளே இருக்கும் நிலத்தைப் பெறும் மாற்று முறையில் அறக்கட்டளை இறங்கியபோது, மதிப்பு சரியில்லை என்று குடியிருப்போரில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்களை வெட்டியது பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தீர்ப்பாயத்தின் 2022 உத்தரவை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது.

வடக்கே நகரும் கோடு

புதுச்சேரியில் இடம் இல்லாததால் பணம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே ஏறுகிறது. கோட்டக்குப்பம், முதலியார்சாவடிகள், அனுமந்தை என்று சவுக்குத் தோப்பாக இருந்த இடங்களில் கொடி நட்டு லேஅவுட் பிரித்திருக்கிறார்கள். மரக்காணம் வந்ததும் இந்த வேகம் சட்டென்று தணியும். அங்கே உப்பளம், நிலத்தின் மதிப்பை வெயிலும் உப்பு விளைச்சலும் தீர்மானிக்கும். ஒரு மழை வந்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துவிடும். உப்பளத்தை ஒட்டிய கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமானது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்தச் சதுப்புக்குள் மனை போடும் பேச்சுக்கே இடமில்லை.

சாலை மட்டும் அகலமாகப் போகிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை 2,157 கோடி ரூபாயில் நான்குவழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. அறிவிப்பு வந்தாலே தரகர்களின் கைப்பேசி சூடாகிவிடும். 'கடல் பார்த்த மனை' என்று விளம்பரம் பார்த்துப் போகிறவர்கள் விசாரிக்க வேண்டியவை சில உண்டு. ஊர்ப்புறக் கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்பது பொது விதி. 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. கரையோரத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்றால்தான் அந்தத் தளர்வு செல்லும். மனை எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதை விற்பவர் வாயால் கேட்டு நம்பக் கூடாது. வரைபடத்தில் சர்வே எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. ஆகவே நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பட்டாவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பதிவுத் துறை வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை இணையத்திலேயே பார்க்கலாம். விற்பவர் கேட்கும் விலை அதற்கு எத்தனை மடங்கு என்று கணக்கிட்டாலே பேரத்தை எங்கே தொடங்கலாம் என்பது விளங்கிவிடும். புன்செய் என்று பதிவாகியிருக்கும் இடையஞ்சாவடி நிலத்துக்கு மனைப்பிரிவு ஒப்புதல் கிடைத்துவிட்டால், இதுவரை அதைத் தொட முடியாமல் இருந்த பாரிஸ் உறவினரும் பேரத்துக்கு வரலாம்.